பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கும் துறை: தென்னாப்பிரிக்கத் தகவல் தொடர்பு அமைச்சகம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் டிவி, போன், தபால் என்று எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் "இதை யாரிடம்தான் போய்ச் சொல்வது?" என்ற இடத்தில் வந்து நிற்கும். "அமைச்சருக்கு எழுது" என்பார் ஒரு மாமா. எந்த அமைச்சர், அவர் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. அப்படி வரும் கேள்விகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குப் பழைய கதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

துறையின் இப்போதைய பெயர் என்ன? அமைச்சர் யார்?

தகவல் தொடர்பு மற்றும் டிஜிட்டல் தொழில்நுட்பத் துறை. தலைமையகம் பிரிட்டோரியாவின் ஹாட்ஃபீல்ட் பகுதியில். 2024 ஜூலை முதல் அமைச்சர் சாலி மலாட்சி. ஜனநாயகக் கூட்டணிக் கட்சிக்காரர். 1994-க்குப் பிறகு ஏஎன்சி (ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ்) அல்லாத ஒருவர் இந்தப் பொறுப்புக்கு வந்தது இதுவே முதல் தடவை.

இந்தத் துறை எப்போது தொடங்கியது?

1910-இல் தென்னாப்பிரிக்க யூனியன் அமைந்தபோதே தபால் தந்தித் துறை இருந்தது. அப்போது அமைச்சர், முதலாளி, மேற்பார்வையாளர் எல்லாம் ஒருவரே. தபாலைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அந்தத் துறைதான். போன் இணைப்புக் கொடுப்பதும் அந்தத் துறைதான். கட்டணம் எவ்வளவு என்று சொல்வதும் அதே துறைதான். தபால் நிலையத்தில் வெள்ளையருக்கு ஒரு கவுன்டர், மற்றவர்களுக்கு ஒரு கவுன்டர் என்று பிரித்து நிற்கவைத்ததும் அதே துறைதான். வயதானவர்களிடம் கேட்டால், தபால்தலை ஒன்றுதான், வரிசை மட்டும் வேறு என்பார்கள்.

ஒலிபரப்பு மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றது. 1927 முதல் ஒரு தனியார் கம்பெனி வானொலி நடத்தியது. 1936-இல் சட்டம் போட்டு எஸ்ஏபிசி என்ற பொது நிறுவனத்தை உண்டாக்கினார்கள்.

டிவி இங்கே ஏன் 1976-இல்தான் வந்தது?

ஒரு அமைச்சரின் பிடிவாதம் பெரிய காரணம். 1958 முதல் 1968 வரை தபால் தந்தித் துறை ஆல்பர்ட் ஹெர்ட்சாக் கையில் இருந்தது. டிவி வந்தால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியும் வெள்ளையர் ஒழுக்கமும் கெட்டுப்போகும் என்று அவர் உறுதியாக நம்பினார். தான் பதவியில் இருந்த வரைக்கும் விடவேயில்லை. 1969-இல் மனிதன் நிலவில் கால் வைத்ததை உலகம் நேரடியாகப் பார்த்தது. தென்னாப்பிரிக்காவில் காசுள்ள வெள்ளையர்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த எரிச்சல் அரசியலாக மாறியது. ஒரு விசாரணைக் குழு, அப்புறம் 1971-இல் அமைச்சரவை ஒப்புதல். 1976 ஜனவரி 5 அன்று முறையான ஒளிபரப்பு தொடங்கியது, ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் மட்டும்.

ஒரு நாட்டின் கண்ணை ஒரே அமைச்சர் இத்தனை வருஷம் மூடிவைக்க முடிந்தது என்றால், அந்தப் பதவிக்கு அன்று எவ்வளவு அதிகாரம் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைய அமைச்சருக்கு அதில் கால்வாசியும் கிடையாது. பின்னால் வருவதெல்லாம் அந்த அதிகாரம் எப்படிக் கை மாறியது, எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்ற கதைதான்.

டெல்காமும் தபால் நிலையமும் ஒன்றாகத்தானே இருந்தன? எப்போது பிரிந்தன?

1991 அக்டோபர் 1. அன்று டெல்காம் ஒரு கம்பெனியாகவும், தென்னாப்பிரிக்கத் தபால் நிறுவனம் இன்னொரு கம்பெனியாகவும் ஆயின. இரண்டும் அப்போது அரசுக்கே சொந்தம், ஆனால் துறையின் உறுப்புகள் இல்லை. லாபம் வரும் போனையும் நஷ்டம் வரும் தபாலையும் இப்படிப் பிரித்ததன் பலனைத் தபால் நிறுவனம் இன்றும் அனுபவிக்கிறது.

ஜே நாயுடு, ராய் பதையாச்சி: நம் பெயர் கொண்ட இரண்டு அமைச்சர்கள் இங்கே இருந்தார்களே, என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்வியை ஒருவித பெருமையோடு கேட்பார்கள். பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் செய்ததையும் பார்க்க வேண்டும்.

1994-இல் துறைக்குத் தபால், தொலைத்தொடர்பு, ஒலிபரப்பு அமைச்சகம் என்று பெயர். முதல் அமைச்சர் பல்லோ ஜோர்டன். 1996-இல் அந்த இடத்துக்கு வந்தவர் ஜெயசீலன் என்ற ஜே நாயுடு. டர்பனில் பிறந்தவர், கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பின் முதல் பொதுச் செயலாளர். அவர் காலத்தில் வந்த 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம்தான் இந்தத் துறையில் புதுயுகத்தின் அஸ்திவாரம். தொலைத்தொடர்புக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பு, ஏழைகளுக்கும் கிராமத்துக்கும் இணைப்புக் கொடுக்க ஒரு நிதி, அதைக் கவனிக்க ஒரு முகமை, எல்லாம் அதில் வந்தவை.

அடுத்த வருஷம், 1997-இல், டெல்காமின் 30 சதவீதப் பங்கு அமெரிக்காவின் எஸ்பிசி, டெலிகாம் மலேசியா இரண்டும் சேர்ந்த கூட்டணிக்கு விற்கப்பட்டது. கூடவே ஐந்து வருஷத்துக்கு நிலவழித் தொலைபேசியில் டெல்காமுக்குப் போட்டியே இருக்காது என்ற வாக்குறுதியும் கொடுக்கப்பட்டது. பதிலுக்கு டெல்காம் 27 லட்சம் புது இணைப்புகள் போட வேண்டும். டவுன்ஷிப்புகளில் போன் மணி அடித்தது உண்மை. பில் கட்ட முடியாமல் அவற்றில் ஏராளமான இணைப்புகள் துண்டிக்கப்பட்டதும் உண்மை. அதற்குள் 1994-இலேயே சேவை தொடங்கிவிட்ட வோடாகாமும் எம்டிஎன்னும் ப்ரீபெய்டு சிம்மோடு வந்து வேலையை முடித்துவிட்டன. என்னைக் கேட்டால், அந்த ஐந்து வருஷ ஏகபோகம் நம் இணையத்தைப் பல வருஷம் பின்னுக்கு இழுத்தது. நோக்கம் நல்லதுதான், விலைதான் அதிகம்.

ராதாகிருஷ்ண ராய் பதையாச்சியின் கதை வேறு. நேட்டால் இந்தியன் காங்கிரஸ் வழியாக அரசியலுக்கு வந்தவர். முதலில் இதே துறையில் துணை அமைச்சர், 2010 இறுதியிலிருந்து 2011 அக்டோபர் வரை அமைச்சர். ஒரு வருஷம்கூட முழுதாக இல்லை. ஆனாலும் ஒரு முடிச்சை அவிழ்த்தார்: டிஜிட்டல் டிவிக்கு ஐரோப்பியத் தரமா, ஜப்பான்–பிரேசில் தரமா என்று அவருக்கு முன்னால் ஏற்பட்ட குழப்பத்தை 2011 ஜனவரியில் ஐரோப்பியத் தரத்தின் இரண்டாம் பதிப்புக்கு முடிவு சொல்லித் தீர்த்தார். அப்புறம் பொதுச் சேவைத் துறைக்கு மாற்றினார்கள். 2012 மே மாதம் அலுவல் பயணமாக அடிஸ் அபாபா போன இடத்தில் இறந்துபோனார்.

இகாசா என்கிறார்களே, அதுவும் அமைச்சகமும் ஒன்றா?

ஒன்றில்லை. இகாசா என்பது தொலைத்தொடர்பையும் ஒலிபரப்பையும் ஒழுங்குபடுத்தும் தனி ஆணையம். முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான்.

நம் ஊர்க் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். காவடித் திருவிழா நடத்துவது, மண்டபம் கட்டுவது, பணம் எப்படித் திரட்டுவது என்றெல்லாம் டிரஸ்டிகள் தீர்மானிக்கலாம். ஆனால் அலகு குத்தி இறங்க யார் தயார், யார் இல்லை என்பதைப் பூசாரிதான் சொல்ல வேண்டும். டிரஸ்டி உள்ளே புகுந்து "என் மச்சானை முதலில் விடு" என்றால் வம்புதான்.

அமைச்சகம் கொள்கை எழுதும், நாடாளுமன்றத்துக்குச் சட்ட மசோதா கொண்டுவரும், பொதுவான கொள்கை வழிகாட்டுதல் தரும். உரிமம் கொடுப்பது, அலைக்கற்றை பிரித்துக் கொடுப்பது, கம்பெனிகளைக் கண்காணிப்பது இகாசாவின் வேலை. எந்த ஒரு தனி உரிமத்தையும் கொடு, கொடுக்காதே என்று அமைச்சர் வழிகாட்டுதல் எழுதச் சட்டம் இடம் தராது. ஒலிபரப்பைப் பொறுத்தவரை இந்தச் சுதந்திரம் அரசியல் சட்டத்தின் 192-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. எஸ்ஏபிசியை அரசாங்கத்தின் வாயாக வைத்திருந்த காலத்தைப் பார்த்தவர்கள் எழுதிய பிரிவு அது.

முதலில் ஒலிபரப்புக்கு ஓர் ஆணையம், தொலைத்தொடர்புக்கு ஓர் ஆணையம் என்று இரண்டு இருந்தன. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் சேர்த்து இகாசாவாக்கியது.

ஒரே அமைச்சர் பத்து வருஷம் இருந்தாராமே?

ஐவி மட்சேபே-கசபுரி. 1999 முதல் 2009 ஏப்ரலில் இறக்கும் வரை. அவர் காலத்தில்தான் "தகவல் தொடர்புத் துறை" என்ற சுருக்கமான பெயர் நிலைத்தது. மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் 2002-இல், மின்னணுத் தகவல் தொடர்புச் சட்டம் 2005-இல். இரண்டும் இன்றும் நடைமுறையில் இருப்பவை.

அந்த 2002 சட்டத்தோடு ஒட்டிய ஒரு சம்பவம் உண்டு. நம் நாட்டு இணைய முகவரிகளின் கடைசியில் வரும் புள்ளி இசட்ஏ பட்டியலை ஆரம்பத்திலிருந்து மைக் லாரி என்பவர் தன்னார்வமாக நிர்வகித்து வந்தார். புதுச் சட்டம் அதை அமைச்சர் அமைக்கும் குழுவிடம் ஒப்படைக்கச் சொன்னது. அரசு கை வைத்துப் பட்டியல் குழம்பிவிடக் கூடாது என்று அவர் மூலக் கோப்பை வெளிநாட்டுக் கணினிக்கு நகர்த்திவிட்டார். ஒரு தனி ஆள் நாட்டின் இணைய முகவரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிவிட்டார் என்று அன்று செய்தி. கடைசியில் லாபநோக்கற்ற ஆணையம் ஒன்று அமைந்து, பட்டியல் ஒழுங்காகக் கை மாறியது.

இன்னொன்று நம் பாக்கெட்டைத் தொட்டது. சிறிய இணையக் கம்பெனிகள் சொந்தமாகக் கம்பி இழுக்கலாமா, டெல்காமிடம்தான் வாடகைக்கு எடுக்க வேண்டுமா என்பது கேள்வி. 2004 செப்டம்பரில் அமைச்சர் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தவர்கள் இழுக்கலாம் என்று புரிந்துகொண்டார்கள். அது அமலுக்கு வருவதற்கு முந்தைய நாள், 2005 ஜனவரி 31 அன்று, அப்படிச் சொல்லவில்லை என்று துறையிலிருந்து ஒரு செய்திக்குறிப்பு வந்தது. ஆல்டெக் கம்பெனி வழக்குப் போட்டு, 2008 ஆகஸ்டில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது. அதன்பிறகுதான் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் சொந்த வலைப்பின்னல் அமைக்க வழி பிறந்தது. 2009-இல் சீகாம் கடலடிக் கேபிள் டர்பனுக்கு வடக்கே முட்டுன்சினியில் கரையேறியபோது அதை வாங்கி விற்க ஆள் இருந்தது இந்தத் தீர்ப்பால்தான். கொள்கையை எழுத வேண்டியது துறை, எழுதிவைத்தது நீதிமன்றம். இது இதோடு முடியவும் இல்லை.

அதற்கப்புறம் ஏன் அமைச்சர்கள் வருஷத்துக்கு ஒருவராக மாறினார்கள்?

2009 மே முதல் 2014 மே வரை நான்கு பேர்: சிபிவே நியாண்டா, பதையாச்சி, டினா புலே, யூனுஸ் கரீம். டினா புலேயை 2013 ஜூலையில் நீக்கினார்கள். 2012-இல் கேப் டவுனில் நடந்த தொழில்நுட்ப மாநாட்டுப் பணம் அவருக்கு நெருக்கமானவரிடம் போனது பற்றிய விவகாரம். நாடாளுமன்ற நெறிமுறைக் குழு அவர் விதியை மீறியதாகக் கண்டது. கரீம் இருந்த சில மாதங்களில், 2013 டிசம்பரில், எஸ்ஏ கனெக்ட் என்ற அகல அலைவரிசைக் கொள்கை வந்தது. 2020-க்குள் 90 சதவீத மக்களுக்கு நொடிக்கு 5 மெகாபிட் இணைய வேகம் என்று அதில் ஓர் இலக்கு. அந்த இலக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய துறைதான் ஐந்து மாதத்தில் இரண்டாகியது.

2014-இல் துறையை ஏன் இரண்டாகப் பிரித்தார்கள்?

ஜேக்கப் சூமா தன் இரண்டாவது ஆட்சிக்காலத்தின் தொடக்கத்தில் செய்தது. ஒரு பக்கம் "தகவல் தொடர்பு" என்ற பழைய பெயரோடு ஃபெயித் முத்தாம்பி. அவரிடம் எஸ்ஏபிசி, இகாசா, திரைப்பட மற்றும் பதிப்பு வாரியம், அரசு செய்தித் தொடர்புப் பிரிவு. மறுபக்கம் "தொலைத்தொடர்பு மற்றும் தபால் சேவைகள்" என்ற பெயரில் சியாபோங்கா க்வேலே. அவரிடம் தபால் நிறுவனம், ஒலிபரப்புக் கோபுரங்களை நடத்தும் சென்டெக், அரசின் கணினிப் பிரிவான சிட்டா, கிராமப்புற நிதி முகமை.

உலகம் முழுவதும் டிவியும் போனும் இணையமும் ஒன்றாகிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே அவற்றைக் கோடாரியால் பிளந்தார்கள். நியாயம் சொன்னவர்கள் இருந்தார்கள். அரசின் பிம்பத்தைக் கவனிக்கத் தனித்துறை வேண்டும் என்று. ஒளிபரப்பாளரும் பிரச்சாரப் பிரிவும் ஒரே கூரைக்குக் கீழே வந்தால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டவர்கள் சொன்னதுதான் நடந்தது. எஸ்ஏபிசியில் ஹ்லாவ்டி மோட்சோனெங் ராஜ்ஜியம் அந்தக் காலத்தில்தான். அவரைப் பற்றி, அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் 2014 பிப்ரவரியில் கடுமையான அறிக்கை கொடுத்திருந்தார். அதே வருஷம் ஜூலையில் அவர் தலைமை இயக்க அதிகாரியாக (சிஓஓ) நிரந்தரமாக்கப்பட்டார்.

அன்றாட வேலை எப்படிச் சிக்கியது என்பதற்கு டிஜிட்டல் டிவியைப் பாருங்கள். கொள்கை முத்தாம்பியிடம். சிக்னல் அனுப்பும் சென்டெக் க்வேலேயிடம். பழைய டிவியில் டிஜிட்டல் சிக்னலைக் காட்டும் பெட்டி வாங்கப் பணம் வைத்திருந்த கிராமப்புற நிதி முகமையும் க்வேலேயிடம். ஒரு பெட்டி வீட்டுக்கு வர இரண்டு அமைச்சர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

2016-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. இகாசா அலைக்கற்றை ஏலத்தை அறிவித்தது. தன் கொள்கை வருமுன் ஏலம் எப்படி என்று க்வேலே இகாசா மீதே வழக்குப் போட்டு, அந்த செப்டம்பரில் தடை வாங்கினார். இகாசா இருந்தது இன்னொரு அமைச்சரின் பட்டியலில். அரசு அரசின் மீது போட்ட வழக்குக்கு இருபக்க வக்கீல் கூலியும் நாம் கட்டிய வரிதான்.

மறுபடி எப்போது சேர்ந்தது?

2018 நவம்பரில் சிரில் ராமபோசா இரண்டு துறையையும் ஸ்டெல்லா இண்டபெனி-ஏபிரகாம்ஸ் ஒருவரிடமே கொடுத்தார். 2019 தேர்தலுக்குப் பின் இணைப்பு அறிவிக்கப்பட்டு, 2020 ஏப்ரல் 1 முதல் காகிதத்திலும் ஒன்றானது. அரசுச் செய்திப் பிரிவு ஜனாதிபதி அலுவலகத்துக்குப் போய்விட்டது, அதுவரை நல்லது. புதுத்துறை பிறந்த அதே ஏப்ரலில், ஊரடங்கில் நண்பர் வீட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போன படம் வெளியாகி அமைச்சர் இரண்டு மாத விடுப்பில் அனுப்பப்பட்டார். நாடு முழுவதும் ஜூமில் பாடம் நடத்தத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் டிஜிட்டல் துறைக்குச் சொந்த அமைச்சர் இல்லை. பிறகு 2021-இல் கும்புட்சோ இண்ட்சவேனி, 2023-இல் மோண்ட்லி குங்குபெலே, 2024-இல் மலாட்சி.

ஆயா வீட்டு டிவி நின்றுவிடுமா? அந்த அரசுப் பெட்டி வாங்கியே ஆக வேண்டுமா?

செயற்கைக்கோள் வழி வரும் டிஎஸ்டிவியோ ஓபன்வியூவோ இருக்கும் வீட்டில் கவலையில்லை. கூரை ஆண்டெனா வைத்துப் பழைய முறையில் எஸ்ஏபிசியும் தனியார் சேனலான ஈடிவியும் பார்ப்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி.

பழைய சிக்னலை நிறுத்த முதலில் சொன்ன கெடு 2011 நவம்பர். சர்வதேச ஒப்பந்தப்படிக் கடைசி நாள் 2015 ஜூன் 17. இரண்டும் போயின. பெட்டியில் மறைகுறியாக்கம் (சிக்னலைப் பூட்டுவது) வேண்டுமா வேண்டாமா என்ற ஒரே கேள்வியில் ஈடிவி தொடுத்த வழக்கு 2017-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனது. அதில் அமைச்சரின் கொள்கை தப்பித்தது. 2022 ஜூன் 30 அன்று பழைய சிக்னலை நிறுத்துவோம் என்றார்கள். நிறுத்துவதற்கு இரண்டு நாள் முன்பு அதே நீதிமன்றம் அந்தத் தேதியை ரத்து செய்தது. பாதிக்கப்படுபவர்களுக்கு முறையாக அறிவித்து அவர்கள் சொல்வதைக் கேட்கவில்லை என்பது காரணம். அடுத்து 2025 மார்ச் 31 என்று மலாட்சி அறிவித்தார். மார்ச் 27 அன்று உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது.

ஒவ்வொரு கெடுவுக்கும் முன்னால் குடும்பக் குழுக்களில் "டிவி நாளையோடு போச்சு" என்று செய்தி சுற்றும். யாராவது ஒரு அண்ணன் கடைக்குப் போய் அவசரமாக எதையாவது வாங்கி வருவார். அப்படிச் சுற்றும் செய்தியை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். அரசிதழில் வரும் தேதியே தேதி, அதுவும் நீதிமன்றம் அசையாமல் இருந்தால்தான்.

மாத வருமானம் 3500 ரேண்டும் அதற்குக் கீழும் உள்ள வீடுகளுக்குப் பெட்டி இலவசம், பொருத்துவதும் இலவசம் என்பது திட்டம். பதிவு தபால் நிலையங்கள் வழியாக நடந்தது. சாட்ஸ்வர்த்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஆயா வீட்டில் பெட்டி வந்தது. ஆனால் கடல் காற்றில் கூரை ஆண்டெனா துருப்பிடித்து ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, பொருத்த வந்த பையன் புது ஆண்டெனா கொண்டுவரவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று போனவன் போனவன்தான். பெட்டி அலமாரிக்கு மேல் அட்டையோடு இருந்தது, அதன்மேல் ஒரு குங்குமச் சிமிழ். டிவியில் புள்ளி புள்ளியாக ஈடிவி செய்தி ஓடிக்கொண்டே இருந்தது. நீதிமன்றங்கள் தேதியை ஏன் தள்ளின என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. கணக்கில் அந்த வீடு பெட்டி போய்ச் சேர்ந்த வீடு, பாருங்கள்.

பழைய டிவி சிக்னலுக்கும் என் போன் டேட்டாவுக்கும் என்ன சம்பந்தம்?

டிவி பிடித்து வைத்திருந்த 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைதான் போன் கம்பெனிகள் காத்திருந்த சொத்து. அது நெடுந்தூரம் போகும், சுவருக்குள் புகும், கிராமத்துக்குக் குறைந்த கோபுரத்தில் எட்டும். 2022 மார்ச்சில் இகாசா ஒருவழியாக ஏலம் நடத்தி 1440 கோடி ரேண்ட் திரட்டியது. ஆறு கம்பெனிகள் வாங்கின. வாங்கியதில் ஒரு பகுதியை முழுசாகப் பயன்படுத்த முடியவில்லை, அங்கே டிவி உட்கார்ந்திருந்தது. 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேலிருந்த டிவி சேனல்களை 2023 ஜூலை 31-க்குள்தான் கீழே இறக்கினார்கள்.

டேட்டா விலையைக் குறைக்கச் சொல்லி அமைச்சருக்கு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் விலையைக் குறைத்தது வேறு கைகள். 2016-இல் மக்கள் இணையத்தில் குரல் எழுப்பினார்கள். விசாரித்தது போட்டி ஆணையம். அது வணிகத் துறையின் கீழ் வருவது. 2019 டிசம்பரில் அதன் அறிக்கை வோடாகாமையும் எம்டிஎன்னையும் விலையைக் கணிசமாகக் குறைக்கச் சொன்னது. 149 ரேண்டுக்கு விற்ற ஒரு மாத 1 ஜிபி, 2020 ஏப்ரலில் 99 ரேண்ட் ஆனது. மீந்த டேட்டாவை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகவும் அடுத்தவருக்கு மாற்றவும் உரிமை தந்தது 2019-இல் அமலான இகாசா விதி.

தபால் ஏன் வருவதே இல்லை?

தபால் நிறுவனம் 2023 பிப்ரவரியில் தற்காலிகக் கலைப்புக்குப் போய், ஜூலையில் வணிக மீட்பு நிர்வாகத்தின் கீழ் வந்தது. கிளைகள் மூடப்பட்டன, 2024-இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். 1 கிலோ வரையிலான தபால் தனக்கு மட்டுமே உரியது என்று தனியாரோடு சட்டப் போராட்டம் வேறு நடத்தியது. முக்கியமான காகிதத்தைக் கூரியரில் அனுப்புங்கள்.

லோட்டஸ் எஃப்எம்மில் தமிழ் நேரம் போதவில்லை. அமைச்சகம் தலையிடுமா?

தலையிடக் கூடாது, அதுதான் நமக்கும் நல்லது. லோட்டஸ் 1983-இல் ரேடியோ லோட்டஸாகத் தொடங்கிய, இந்தியச் சமூகத்துக்கான எஸ்ஏபிசி வானொலி நிலையம். எந்த மொழிக்கு எத்தனை மணி நேரம் என்பது எஸ்ஏபிசி நிர்வாகத்தின் முடிவு, இகாசா கொடுத்த உரிம நிபந்தனைக்கு உட்பட்டு. அமைச்சர் நிகழ்ச்சிப் பட்டியலில் கை வைத்தால் இன்று நமக்குச் சாதகமாக இருக்கும், நாளை இன்னொருவருக்கு.

மேலிடம் கை வைத்தால் என்ன ஆகும் என்று 2016 மே மாதம் பார்த்தோம். எல்லா நிலையங்களிலும் 90 சதவீதம் உள்நாட்டு இசை என்று மோட்சோனெங் உத்தரவு போட்டார். உள்நாட்டுக் கலைஞர்களுக்கு வாய்ப்புக் கிடைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் தமிழிலும் இந்தியிலும் இங்கேயே பதிவான பாட்டு எத்தனை இருக்கிறது? கேட்ட நாலைந்து பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்ட நேயர்கள் ரேடியோவை அணைத்தார்கள்.

நம் கையில் ஒரு பிடி உண்டு. அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, சமூகங்கள் பேசும் மொழிகளை வளர்த்து மதிப்பு உறுதிசெய்யும் பொறுப்பைத் தென்னாப்பிரிக்க மொழி வாரியத்துக்குத் தருகிறது. அதில் தமிழும் தெலுங்கும் பெயர் சொல்லியே இருக்கின்றன. லோட்டஸின் உரிமம் புதுப்பிப்போ திருத்தமோ வரும்போது இகாசாவின் பொது விசாரணையில் இந்தப் பிரிவைக் காட்டிப் பேசலாம். தமிழ்ச் சங்கங்கள் அறிக்கை விடுவதோடு நிற்காமல் அங்கே போய் உட்கார வேண்டும் என்பது என் எண்ணம்.

ஸ்டார்லிங்க் ஏன் இங்கே இல்லை?

ஸ்டார்லிங்க் என்பது எலான் மஸ்க்கின் செயற்கைக்கோள் இணையச் சேவை. இங்கே தனிநபர் தொலைத்தொடர்பு உரிமம் கேட்கும் கம்பெனியில் 30 சதவீதம் பழைய ஆட்சியில் ஒடுக்கப்பட்டவர்களின் கையில் இருக்க வேண்டும். (நாமும் அந்தக் கணக்கில் வருகிறோம்.) ஸ்டார்லிங்க் உலகில் எங்கும் பங்கு விற்பதில்லை என்கிறது. பங்குக்குப் பதிலாக அதற்கு ஈடான முதலீட்டை ஏற்கலாம் என்று 2025 மே மாதம் மலாட்சி வரைவுக் கொள்கை வழிகாட்டுதல் வெளியிட்டார். கார் தொழிலில் அந்த வழி ஏற்கெனவே உண்டு. ஒரே ஒரு பணக்காரருக்காக வளைக்கிறார்கள் என்று ஒரு தரப்பு, கிராமப் பள்ளிக்கு இணையம் வரட்டும் என்று ஒரு தரப்பு. வழிகாட்டுதல் எது சொன்னாலும் உரிமம் கொடுக்க வேண்டியது இகாசா.

தொல்லை அழைப்பு, சிம் பதிவு, சைபர் மோசடி எல்லாம் இந்தத் துறையா?

இல்லை. இந்த மூன்றுக்குமான சட்டங்கள் நீதித் துறையினுடையவை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுதாக நடைமுறையில் இருக்கிறது; தொல்லை அழைப்புக்குப் புகார் தகவல் ஒழுங்குமுறை ஆணையரிடம். பணம் போய்விட்டால் முதலில் வங்கி, உடனே போலீஸ்.

செயற்கை நுண்ணறிவு?

அது இந்தத் துறைதான். 2024-இல் தேசியக் கொள்கைக்கான சட்டகம் ஒன்றை வெளியிட்டது.

சரி, புகாரை எங்கேதான் கொடுப்பது?

போன், இணையம், டிஎஸ்டிவி பில் என்றால் முதலில் கம்பெனியிடம் எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் காற்றோடு போன புகார். அவர்கள் தீர்க்காவிட்டால் அந்த எண்ணோடு இகாசா. நிகழ்ச்சியின் உள்ளடக்கம் புண்படுத்தினால் ஒலிபரப்புப் புகார் ஆணையம். ஒலிபரப்பான தேதி, நேரம், நிலையம் மூன்றையும் குறித்துவைக்க வேண்டும். எஸ்ஏபிசி டிவி உரிமக் கட்டணம், வருஷம் 265 ரேண்ட், அது எஸ்ஏபிசியோடு தீர்க்க வேண்டிய கணக்கு.

அமைச்சகத்துக்கு எழுத வேண்டிய சமயம் ஒன்றுதான்: வரைவுக் கொள்கையோ மசோதாவோ அரசிதழில் வந்து கருத்துக் கேட்கும்போது. பெரும்பாலும் 30 நாள் தருவார்கள். இரண்டு பக்கம் போதும். எந்தப் பத்தியைப் பற்றிப் பேசுகிறீர்கள், உங்கள் வீட்டில் அது எப்படிப் பாதிக்கும், அதற்குப் பதிலாக என்ன எழுத வேண்டும், இந்த மூன்றும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் அனுப்பினால் சீக்கிரம் படிப்பார்கள். வந்து சேர்ந்தது என்ற பதிலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால், யாரிடம் கருத்துக் கேட்டார்கள், யாரிடம் கேட்கவில்லை என்பதைத்தான் நீதிபதி முதலில் பார்ப்பார்.